பத்தியம் சொன்ன ஜன்னல்

கம்பவுண்டர் பரீட்சையில் புதிதாகத் தேறிய பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். இப்போதெல்லாம் மருந்து டப்பாவில் மாத்திரையாகவே வந்துவிடுகிறது, எண்ணிக் கொடுப்பதைத் தவிர எங்களுக்கு வேலை இல்லை, உங்கள் காலத்தில் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார்கள். கலந்தேன், அரைத்தேன், உருட்டினேன் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் சரியான பதில் தோன்றியது. நான் பொறாமைப்பட்டேன். பதினெட்டு வருஷம் ஒரே டிஸ்பென்சரியில் இருந்தேன். அதில் பெரும்பகுதி, எதிரே பூவரச மரத்தடியில் கூடை வைத்திருந்த ஒரு கீரைக்காரியைப் பார்த்து வயிறெரிவதிலேயே கழிந்தது. அதை விட்டுவிட்டு என் உத்தியோகத்தைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். சைவ முதலியார் குடும்பம். ஒரு மருந்துக்கடையில் இரண்டு வருஷம் கல்வத்தில் அரைத்தேன், பரீட்சை எழுதினேன், இரண்டாம் தடவை தேறினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் டாக்டர் ரங்கநாதனிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

டிஸ்பென்சரி கச்சேரி ரோட்டில் இருந்தது. மேற்கே நடந்தால் மயிலாப்பூர்த் தெப்பக்குளம், கிழக்கே நடந்தால் சாந்தோம் கடற்கரை. இரண்டு பக்கத்து ஜனங்களும் வருவார்கள். டாக்டர் நோயாளியிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். ஒவ்வொருவரையும் பார்த்த பிறகு கை கழுவுவார். விரல் விரலாகக் கழுவி, துண்டில் ஒற்றி, நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. நான் தப்புச் செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை தவிர, பாராட்டியதும் கிடையாது. நல்ல காரியத்துக்கு வைக்க அவரிடம் இன்னொரு கண்ணாடி இல்லை.

என் இடம் பக்கத்து அறை. அங்கே தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். நோயாளி சீட்டோடு ஜன்னலுக்கு வருவார். சீசா அவரே கொண்டுவர வேண்டும். சீசாவைக் கழுவி, மிக்ஸ்சரை அவுன்ஸ் கிளாஸில் அளந்து ஊற்றி, தக்கை அடைத்து, ஒரு காகித நாடாவின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டுவேன். ஒரு பல் ஒரு வேளை மருந்து. என் பற்கள் நூல் அளவுகூடப் பிசகாது. மயிலாப்பூரில் வேறு எந்த டிஸ்பென்சரி சீசாவையும் என் சீசாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஜனங்கள் அந்தப் பற்களைப் பார்க்கவில்லை. சீசாவை வாங்கியதும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பத்தியம் இன்னா?"

இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கிடையாது என்பது டாக்டரின் கட்சி. "ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிடுங்கோ முதலியார். பசிச்சா சாப்பிடட்டும்" என்பார். முதல் மாதம் அப்படியேதான் சொன்னேன். கேட்டவர்கள் சீசாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். பத்தியம் இல்லாத மருந்தில் என்ன வீரியம் இருக்கும் என்று இரண்டு பேர் திருப்பியே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நானாக, "புளி தள்ளு, ஊறுகாய் தொடாதே" என்று சொல்ல ஆரம்பித்தேன். யாருக்கும் கெடுதல் இல்லை. ஜனங்களுக்கும் திருப்தி. டாக்டர் காதில் விழுந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை.

இதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. பத்தியத்தை யார் சொன்னாரோ அவரேதான் முறிக்கச் சொல்ல வேண்டும். உடம்பு தேறியதும் அவர்கள் மறுபடி ஜன்னலுக்கு வந்து, "முறிச்சிக்கலாமா கம்பவுண்டர் அய்யா?" என்று கேட்பார்கள். நான் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "சரி, நாளைக்கு" என்பேன். டாக்டரிடம் பார்த்துக்கொண்டது மறந்தாலும் என்னிடம் கேட்க மறக்கமாட்டார்கள். எனக்கு அது நன்றாக இருந்தது. இதை மறைத்து என்ன பிரயோஜனம்?

அந்தச் சமயத்தில்தான் கன்னியம்மா வந்தாள். அடையாற்றங்கரையில் கோட்டூர்த் தோட்டங்களிலிருந்து கீரை பறித்துக்கொண்டு விடியற்காலையில் நடந்து வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய குரல். என் ஜன்னலுக்கு நேர் எதிரே மரத்தடியில் கூடையை இறக்கினாள். நோயாளிகள் என்னிடம் சீசா வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தால் அவளிடம்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டும். "இன்னா நைனா, இருமலா? தூதுவள கீது, ரசம் வெச்சிக் குடி. மருந்து அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பாள். மருந்து அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பதை மட்டும் சற்று உரக்கச் சொல்வாள் என்று எனக்குத் தோன்றும்.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு கோடையில் டாக்டருக்கே வாயெல்லாம் புண் வந்தது. போராக்ஸும் கிளிசரினும் கலந்து நானே தினம் தடவினேன். பத்து நாளாகியும் ஆறவில்லை. கன்னியம்மா மதிலுக்கு மேலாக ஒரு கட்டு மணத்தக்காளிக் கீரையை நீட்டி, "பருப்பு போட்டு, தேங்காப்பால் ஊத்திக் கூட்டு வெக்கச் சொல்லு சாமி. காரம் வாணாம்" என்றாள். நாலாம் நாள் டாக்டர் வற்றல் குழம்பு சாப்பிட்டார். ஐந்தாம் நாள் அவரே தெருவைக் கடந்து மரத்தடிக்குப் போனார். நோயாளி வீட்டுக்குக்கூட வண்டி அனுப்பினால்தான் போகிற மனிதர். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த காகிதத்தில் ஒரு பல் கோணலாக விழுந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் டிஸ்பென்சரி வராந்தாவில் அவளுக்குத் தனி உபசாரம். டாக்டர் ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், கிள்ளி முகர்வார், கேள்வி மேல் கேள்வி கேட்பார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர் அவளிடம் அரைமணி நேரம் பேசுவார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி என் கையில் கொடுத்து, "உங்க எழுத்து மணிமணியா இருக்கு முதலியார். அவ சொல்றதை நீங்களே எழுதிண்டு வாங்கோ" என்றார். நான் அவரிடம் வாங்கிய ஒரே பாராட்டு அது. அதுவும் கீரைக்காரி சொல்ல நான் எழுதுவதற்காக.

அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எய்திக்கோ கம்பவுண்டரே" என்று ஆரம்பிப்பாள். பசி எடுக்காதவனுக்குப் பிரண்டைத் துவையல். பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக்கீரை, பூண்டு. மலச்சிக்கலுக்குப் பழுத்த பப்பாளி. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஒரு கைப்பிடி."

"யார் கைப்பிடி? உன் கையா, என் கையா? மருந்தென்றால் அளவு வேண்டாமா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "துன்றவன் கைப்பிடிதான். கொயந்தைக்குக் கொயந்த கை, உனக்கு உன் கை. அவனவன் கைய அவனவன் எடுத்துக்கினுதானே வரான்?"

டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தேளா முதலியார். டோஸைக் கையிலேயே வெச்சுண்டிருக்கா." குழந்தைகளின் வயதுக்கு ஏற்ப அளவைப் பிரிக்கும் கணக்கை நான் பரீட்சைக்காக ஒரு வருஷம் உருப்போட்டேன். அவர் அதற்கு ஒரு நாளும் தொடை தட்டியதில்லை. அன்றைய பக்கத்தில் 'ஒரு கைப்பிடி' என்று எழுதியபோது பேனா நிப்பு காகிதத்தைக் கிழித்துவிட்டது.

மறுநாள் முதல் என் பத்தியத்தில் ஒரு சொல் கூடியது. கீரை ஆகாது.

முதலில் பேதிக்கு வந்தவர்களுக்கு மட்டும் சொன்னேன். அதற்கு நியாயம் இருந்தது. பிறகு காய்ச்சல்காரர்களுக்கு. பிறகு எல்லோருக்கும். கீரை ஆகாது, பப்பாளி ஆகாது. அவள் கூடையில் என்னென்ன இருந்ததோ அதெல்லாம் ஆகாது. ஒரு மாதத்தில் நோயாளிகள் மரத்தடியைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். கன்னியம்மா ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கம்பவுண்டரே, நேத்து வரைக்கும் வாங்கிக்கினு இருந்த சனம் இன்னிக்கு மூஞ்சத் திருப்பிக்கினு போவுது. நீ இன்னா சொன்னே?"

"மருந்து விஷயம். உனக்குப் புரியாது" என்றேன். அவள் போகும்போது எனக்கு எத்தனை சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அன்று மத்தியானம் சோறு ருசித்தது.

அந்த நாட்களில்தான் லூர்தம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாந்தோம் குப்பத்துக்காரி, மீன் விற்பவள். மகள் ரோசம்மாவுக்கு ஏழு வயது. தட்டம்மை வந்து இறங்கியிருந்தது. இருமலும் பேதியும் நிற்கவில்லை. டாக்டர் மிக்ஸ்சர் எழுதினார். ஜன்னலில் லூர்தம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன், அம்மை இறங்கிய குழந்தை என்பதால் மீனையும் முட்டையையும் சேர்த்து. கீரை ஆகாது, மீன் ஆகாது, முட்டை ஆகாது, பப்பாளி, மாம்பழம் ஆகாது. கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொடு. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டாள். அந்தக் குழந்தை மூக்கை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு என் கத்தரிக்கோலையே பார்த்தது.

இருமல் ஒரு வாரத்தில் நின்றிருக்கிறது. முறிக்கலாமா என்று கேட்க அவள் வரவில்லை. அந்த வருஷம் மீன்பாடு கோவளம் பக்கம் போய்விட்டதென்று குடும்பத்தோடு கட்டுமரத்தை எடுத்துக்கொண்டு அங்கே உறவுக்காரர் குப்பத்துக்குப் போய்விட்டார்கள். நான் அவளை மறந்தே போனேன். அவள் என்னை மறக்கவில்லை.

நாலு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தாள். குழந்தையைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். பொழுது சாய்ந்தால் தடுக்கி விழுகிறாள், எதிரே வைத்த தட்டைத் தடவுகிறாள், இப்போது பகலிலும் கண் கூசுகிறது என்றாள். நான் உள்ளே போனபோது டாக்டர் குழந்தையின் இமையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் பளபளப்பே இல்லை. வெள்ளை விழி வறண்டு சுருங்கி, ஓரத்தில் நுரை போல ஒன்று ஒட்டியிருந்தது. இடது கருவிழி கலங்கி மெத்தென்றாகியிருந்தது.

"இவ என்ன சாப்பிடறா?" என்று டாக்டர் கேட்டார்.

"கஞ்சிதான் சாமி. அப்பளம்."

"மீன்?"

"ஐயோ, தரலியே சாமி. பத்தியமாச்சே. ஊட்ல எல்லாரும் துன்னுவோம், இது பாத்துக்கினே இருக்கும். ஒரு துண்டு தரலே."

"பத்தியம் யார் சொன்னது?"

லூர்தம்மா பெருமையோடு என் பக்கம் கையைக் காட்டினாள். "நம்ம கம்பவுண்டர் அய்யாதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெகு நேரம் அதை எடுக்கவே இல்லை.

பிறகு குழந்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். அலமாரியிலிருந்த மீன் எண்ணெய் சீசாவை எடுத்து என்னை அளக்கச் சொன்னார். அதில் மூன்று நாளைக்குத்தான் இருந்தது. லூர்தம்மாவிடம், அவர் வழக்கத்துக்கு மாறாக, உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். மீன் கொடு, சுறா ஈரல் கொடு, முருங்கைக்கீரை கொடு, பழுத்த பப்பாளி கொடு, இன்றைக்கே கொடு, இல்லாவிட்டால் கண் போய்விடும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க சொல்லுங்கோ முதலியார். உங்க பேச்சைத்தான் கேப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. டாக்டருக்கு மேலே ஒரு நாள் நிற்க வேண்டும் என்று எத்தனை தடவை ஆசைப்பட்டிருப்பேன். அன்று நின்றேன்.

"முறிச்சிடும்மா" என்றேன்.

"உங்க கையால மொத வாய் போட்டாத்தான் எனக்கு மனசு ஒப்பும்" என்றாள் அவள்.

அன்று மத்தியானம் குப்பத்துக்குப் போனேன். கன்னியம்மா கூடையோடு கூடவே வந்தாள், டாக்டர் அனுப்பியிருந்தார். அவள் முருங்கைக்கீரையை உருவி, பொடிப்பொடியாக அரிந்து, எண்ணெயில் வதக்கி, கொஞ்சம் நீர் தெளித்து மூடினாள். லூர்தம்மா சுறா ஈரலைச் சட்டியில் உருக்கினாள். முட்டைகூடத் தொட்டறியாத வீட்டில் பிறந்தவன் நான். அந்த வாடையில் எனக்குக் குமட்டியது. கன்னியம்மா ரோசம்மாவின் கையை விரித்து, "இந்தக் கையி எவ்ளோ கொள்ளுதோ அவ்ளோ போதும்" என்று அளந்து வைத்தாள். நான் சோற்றையும் கீரையையும் ஈரல் எண்ணெயில் பிசைந்து முதல் கவளத்தைக் கொடுத்தேன். குழந்தை என் விரலோடு சேர்த்துக் கவ்வியது.

லூர்தம்மா அழுதாள். "எல்லாம் என் தப்புதான் அய்யா. முறிக்கச் சொல்லி ஒங்ககிட்ட வந்து கேக்காம வுட்டுட்டேன். நான் ஒரு நட வந்திருந்தா எங் கொயந்தைக்கு இது வந்திருக்குமா?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கச்சேரி ரோட்டில் திரும்பி நடக்கும்போது கன்னியம்மா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பிறகு, தலையிலிருந்த கூடையை இறக்காமலே சொன்னாள்: "நான் வருசக்கணக்கா கத்திக்கினு கெடக்கறேன், எவளும் காது குடுத்துக் கேக்கல. நீ ஒரு வார்த்த சொன்னே, ஒரு கொயந்த கண்ணையே குடுக்குது. ஒனக்கு என்னாத்துக்குய்யா எம்மேல வயித்தெரிச்சல்?"

இரண்டு வாரம் தினமும் போனேன். மீன் எண்ணெய்க்குச் சொல்லிவிட்டிருந்தது வந்து சேர்ந்தது. வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்து பார்வை போயிற்று.

குப்பத்தில் என் புகழ் பரவியது. கம்பவுண்டர் அய்யா பத்தியத்தை முறித்தார், கண் வந்தது என்றார்கள். கீரை அரிந்தவளை ஒருவரும் சொல்லவில்லை. நான் வருஷக்கணக்காக எதற்கு ஏங்கினேனோ அது கூடை கூடையாக வந்தது. கன்னியம்மாவும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜனங்கள் என் ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டார்கள். அவள் சொல்லாததற்கும் சேர்த்து நான் பொறாமைப்பட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மறுநாள் முதல் நோயாளி ஒவ்வொருவரோடும் அவரே எழுந்து ஜன்னலுக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் பத்தியம் சொல்லி முடிக்கும் வரை நின்றார். முடிந்ததும் உள்ளே போய்க் கை கழுவினார். ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல. பதினாலு வருஷம்.

முப்பதுகளின் கடைசியில், நான் அந்த வேலையை விடுவதற்குச் சில மாதம் இருக்கும்போது, ஒரு இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு ஜன்னலுக்கு வந்தாள். குழந்தைக்கு இருமல். இடது கண்ணில் இருந்த வெள்ளைப் பூவைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. டாக்டர் வழக்கம்போல் எனக்குப் பின்னால் நின்றார். நான் சீசாவைக் கொடுத்தேன்.

"எங்கம்மா போன மழைக்குச் செத்துப்போச்சு அய்யா" என்றாள் ரோசம்மா. "சாவற வரைக்கும் அதே பேச்சுதான். தான் முறிக்க வராததாலதான் எங் கண்ணு போச்சாம். புள்ளைக்கு ஒண்ணுன்னா கம்பவுண்டர் அய்யாகிட்டப் பத்தியம் வாங்கு, அவர் சொன்னத மீறாதேன்னு சொல்லிச்சு. நான் மீறமாட்டேன். சொல்லுங்க."

அவள் விரலை மடக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா மடக்கிய அதே மாதிரி.

"உன் அம்மா தப்பு ஒன்றுமில்லை" என்றேன். "அந்தப் பத்தியம் உனக்கு வேண்டியதே இல்லை. அதோ அந்தக் கூடைக்காரி மேல் இருந்த பொறாமையில் சொன்னேன். கண் போனது என்னால்தான்."

ரோசம்மா குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் என்னை முழுசாகப் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில், "இவனுக்குப் பத்தியம் இன்னா, அத்தச் சொல்லுங்க" என்றாள்.

"எதிரே போய் அந்தம்மாவைக் கேள்."

அவள் தெருவைக் கடந்தாள். பின்னால் டாக்டரின் செருப்புச் சத்தம் உள்ளே போவது கேட்டது. கை கழுவும் சத்தம் கேட்டது. அடுத்த நோயாளி, வயதான ஒரு கட்டுமரக்காரர், டாக்டர் கூட வராமல், தனியாகவே ஜன்னலுக்கு வந்தார்.

மரத்தடியில் கன்னியம்மா அந்தக் குழந்தையின் மூடிய கையை விரல் விரலாக விரித்து, உள்ளங்கையில் தூதுவளை இலையைக் கிள்ளி வைத்து அளவு காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அதை வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தது. கன்னியம்மாவும் ரோசம்மாவும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"பத்தியம் இன்னா அய்யா?" என்றார் கட்டுமரக்காரர்.

"கீரை சாப்பிடு" என்றேன்.